படத்தின் கறையா, முகத்தின் மச்சமா?
போட்டோ டச்சிங்: வாசகர் கேள்வி – பதில்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்களிடமிருந்து போட்டோ டச்சிங், அதாவது படத்தின் கறை, கீறல், மங்கலைச் சரிசெய்யும் வேலை பற்றி வந்த கேள்விகள் இவை. ஸ்டூடியோ வைத்திருப்பவர்கள் கேட்டதும் உண்டு, வீட்டுச் சுவரில் மாட்டிய படத்தை எப்படியாவது மீட்க நினைப்பவர்கள் கேட்டதும் உண்டு. மெனு பெயர்களைப் போட்டோஷாப்பில் உள்ளபடியே எழுதியிருக்கிறோம். கிம்ப், போட்டோபீ போன்ற வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலானவை அதே பெயரிலோ பக்கத்துப் பெயரிலோ கிடைக்கும்.

கேள்வி: ஐயா, எங்கள் தாத்தாவின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இருக்கிறது. 1960 வாக்கில் எடுத்தது. பூஜை அறையில் மாட்டியிருந்தோம். கண்ணாடி உடைந்த பிறகும் அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் படத்தின் மேலேயே மஞ்சளும் குங்குமமும் வைத்துவிட்டார். நெற்றியில் பெரிய சிவப்புத் திட்டு. ஈரத்துணியால் துடைக்கலாமா? (வாசகர், பாலக்கோடு)

பதில்: துணியைக் கீழே வையுங்கள். அந்தப் படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின். தண்ணீர் பட்டதும் ஊறி உப்பிக்கொள்ளும், தேய்த்தால் தாத்தாவின் நெற்றி துணியோடு வந்துவிடும். குங்குமமும் கரைந்து கன்னம் வரை ரோஸ் நிறத்தில் இறங்கும். பொடியாக நிற்பதை மட்டும் எடுக்கலாம். படத்தைச் சாய்த்துப் பிடித்து, காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் ஒரே திசையில் தட்டிவிடுங்கள். வாயால் ஊதக்கூடாது. எச்சில் ஒரு துளி தெறித்தாலும் அந்த இடத்தில் புதிதாக ஒரு வட்டம் விழும்.

மிச்ச வேலை கம்ப்யூட்டரில். கலர் மோடு, 48 பிட் (சேனலுக்கு 16 பிட்), 600 டிபிஐ, டிஃப் ஃபைல், ஸ்கேனரின் ஆட்டோ கரெக்‌ஷன் எல்லாம் ஆஃப். கறுப்பு வெள்ளைப் படம்தானே என்று கிரேஸ்கேலில் ஸ்கேன் செய்கிறவர்கள், கறையை எடுக்கும் சாவியை அங்கேயே தொலைத்துவிடுகிறார்கள். படத்துக்கு நிறம் இல்லை, கறைக்கு நிறம் இருக்கிறது. இரண்டையும் பிரிக்க நமக்கு இருக்கும் ஒரே பிடி அந்த நிறம்தான்.

ஸ்கேன் செய்த படம் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சேனலாகப் பிரிந்திருக்கும். அதைத் திறந்து, சேனல்ஸ் பேனலில் ஒவ்வொரு சேனலாகப் பாருங்கள். நீலத்தில் நெற்றி கரி பூசியது போல இருக்கும். பச்சையிலும் ஏறக்குறைய அப்படித்தான். சிவப்பைத் தட்டினால் திட்டு கரைந்துபோய், அடியில் சுருக்கக் கோடுகள் தெரியும். குங்குமம் சிவப்பு வெளிச்சத்தை அப்படியே திருப்பி அனுப்புவதால் அந்தச் சேனலில் அது வெள்ளைத் தாளோடு தாளாகிவிடுகிறது. மஞ்சள்தூளும் அதே மாதிரி: நீலத்தில் கறுப்பு, சிவப்பில் காணாமல் போகும். சிவப்புச் சேனலை முழுதாகக் காப்பி செய்து புது லேயராக, அதாவது மேல் அடுக்காக ஒட்டிக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. சரியாகக் கழுவாத பிரிண்ட்டில், படத்தை நிலைப்படுத்தப் போடும் ஹைப்போ என்ற ரசாயனம் தங்கிவிடும். அது வெள்ளியைத் தின்று, படத்தின் வெளிர் பகுதிகளை மஞ்சள் பழுப்பாக்கிவிடும். சட்டை மடிப்பு, நரைத்த மீசை முடி போன்ற நுணுக்கமெல்லாம் அந்த மஞ்சளில்தான் மிஞ்சி நிற்கும். சிவப்புச் சேனல் மஞ்சளைக் கறை என்று எண்ணி அதையும் சேர்த்தே துடைத்துவிடும். ஆகவே கறை இருக்கும் நெற்றிக்குச் சிவப்பு, மங்கிய சட்டைக்கும் மீசைக்கும் நீலம் என்று இரண்டையும் தனித்தனி லேயராக வைத்து, வேண்டாத இடத்தை மறைக்கும் மாஸ்க் போட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். சேரும் இடத்தில் வெளிச்ச அளவு ஒத்துப்போக இரண்டுக்கும் தனித்தனி கர்வ்ஸ் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) தேவைப்படும்.

சந்தனம் காய்ந்து கட்டியாக ஒட்டியிருந்தால் எந்தச் சேனலும் உதவாது, அது படத்தை முழுதாக மறைத்துவிடும். அந்த இடத்தை ஹீலிங் பிரஷ்ஷால்தான் கட்ட வேண்டும். காலி லேயரில், சாம்பிள் 'கரண்ட் அண்ட் பிலோ' வைத்து, புள்ளியைவிடச் சற்றே பெரிய பிரஷ்ஷோடு வேலை செய்யுங்கள். நெற்றிச் சுருக்கம் கிடையாக ஓடுவதால் அதே கோட்டின் நீட்டத்திலிருந்தே தோலை எடுங்கள். கன்னத்துத் தோலைக் கொண்டுவந்து நெற்றியில் வைத்தால் பிளாஸ்திரி ஒட்டியது போலத் தெரியும்.

இன்னொன்றையும் பாருங்கள். நெற்றியில் குறுக்காக வெளிறிய பட்டை ஏதாவது மூன்று சேனலிலும் ஒரே மாதிரி தெரிகிறதா? அப்படியானால் அது தாத்தா படம் எடுக்கப் போன அன்று பூசிய விபூதியாக இருக்கலாம். வீட்டில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். அம்மா வைத்த குங்குமம் போகலாம், தாத்தா பூசிய விபூதி போகக்கூடாது.

இதே வழி மைக்கறைக்கும் உண்டு. சான்றொப்பம் இட்ட பச்சை மை பச்சைச் சேனலில் வெளிறும், நீல பால்பாயின்ட் மை நீலத்தில். ஊதா ரப்பர் ஸ்டாம்ப்புக்கு நீலம், சிவப்பு இரண்டையும் பார்த்து, எதில் மங்கலோ அதை எடுங்கள். கறுப்பு மைக்கு இந்த வித்தை இல்லை.

கேள்வி: படம் பிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிளேடு விட்டு எடுக்கலாமா? (வாசகி, அரூர்)

பதில்: வேண்டாம். மழையில் சுவர் ஓதம் ஏறி, ஜெலட்டின் இளகி, வெயிலில் திரும்பக் காய்ந்து கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிளேடு போனால் ஒட்டிய பகுதி கண்ணாடியிலேயே தங்கிவிடும், அது பெரும்பாலும் முகமாகத்தான் இருக்கும். கண்ணாடியோடு சேர்த்தே காப்பி எடுங்கள்.

எந்த ஸ்கேனர் என்பது முக்கியம். பிரிண்டரோடு சேர்ந்து வரும் ஸ்கேனர்களும், எப்சன் வி39 மாதிரி ஒல்லியானவையும் பெரும்பாலும் சிஐஎஸ் வகை. கண்ணாடிப் பலகையைத் தொட்டு நிற்கும் தாள் மட்டுமே அதில் ஷார்ப்பாக வரும். இடையில் 2 எம்எம் கண்ணாடி புகுந்தால் முகம் மங்கிவிடும். எப்சன் வி600, வி850 போன்றவை சிசிடி வகை, ஃபோகஸ் ஆழம் கூடுதல், ஆகவே கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதையும் தாங்கும்.

அது இல்லையென்றால் கேமரா. படத்தை மேசையில் படுக்க வையுங்கள். இரண்டு பக்கமும் 45 டிகிரியில் ஒரே மாதிரி இரண்டு லைட், அறையில் வேறு வெளிச்சம் கூடாது. கேமராவைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டி, லென்ஸுக்கு மட்டும் ஓட்டை விடுங்கள். இல்லாவிட்டால் தாத்தாவின் சட்டையில் உங்கள் முகம் விழும். ஐஎஸ்ஓ 100, எஃப் 8, ஸ்டாண்டு, டைமர். கேமராவும் படமும் நேர்ப்பட இருக்கிறதா என்று பார்க்க, படத்தின் மேல் ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியை வையுங்கள். அதில் தெரியும் லென்ஸ் வ்யூஃபைண்டரின் நடுவில் வந்து நின்றால் நேர். லேசாக விலகினாலும் முகம் ஒரு பக்கம் ஒடுங்கும்.

கேள்வி: பாஸ்போர்ட் சைஸ் படம் ஒன்றுதான் இருக்கிறது. எவ்வளவு பெரிதாகப் போடலாம்? (வாசகர், ஊத்தங்கரை)

பதில்: 3.5 × 4.5 சென்டிமீட்டர் படத்தை 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 1654 × 2126 பிக்சல் வரும். 300 டிபிஐ கணக்கில் அது 5.5 × 7 இன்ச். சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு 150 போதும் என்றால் 11 × 14 இன்ச். 2400, 4800 என்று ஏற்றிக்கொண்டே போனால் முகத்தில் புதிதாக எதுவும் வராது, பேப்பரின் நார்தான் வரும்.

கேள்வி: 1982ல் எடுத்த எங்கள் கல்யாண ஆல்பம் முழுக்கச் சிவந்துவிட்டது. பீரோவுக்குள் இருட்டில்தான் வைத்திருந்தோம். வெயிலே படவில்லையே, ஏன்? சரிசெய்ய முடியுமா? (வாசகர், ஓசூர்)

பதில்: வெயிலின் குற்றம் இல்லை. கலர் பேப்பரில் சியான் (பச்சை கலந்த நீலம்), மஜெந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள் என மூன்று சாயம் இருக்கிறது. அந்தக் காலத்துப் பேப்பரில் சியான் சாயம் வெளிச்சமே படாமல், வெறும் சூட்டிலும் ஈரப்பதத்திலுமே மங்கிவிடும். சிவப்பைத் தடுக்க வேண்டியது சியான். அது போனதும் படம் சிவந்தது.

லெவல்ஸ் திறந்து சிவப்புச் சேனலுக்குப் போங்கள். வரைபடம் பரவியிருக்காமல் வலது ஓரத்தில் குறுகலாகக் குவிந்திருக்கும். இடது பக்கக் கறுப்பு முக்கோணத்தை அந்தக் குவியல் தொடங்கும் இடம் வரை தள்ளுங்கள். ஆல்ட் கீயை அழுத்திக்கொண்டு தள்ளினால் எந்த இடம் முழுக் கறுப்பாகிறது என்று தெரியும். தலைமுடியில் நாலைந்து புள்ளி தெரிந்ததும் நிறுத்திவிடலாம். பிறகு பச்சை, நீலம் இரண்டுக்கும் இதையே கொஞ்சமாகச் செய்யுங்கள். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். 16 பிட்டில் ஸ்கேன் செய்யாமல் ஜேபிஜியில் செய்திருந்தால் இந்த இழுப்புக்குத் தாங்காது, கன்னத்தில் படிப்படியாகப் பட்டை விழும்.

நிறத்தை நேர் செய்ய மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியை சாம்பல் ஐடிராப்பரால் தொடுவது எல்லாரும் செய்வது. அந்த வேட்டிக்கு சொட்டு நீலம் போட்டிருப்பார்கள், அது நடுநிலை வெள்ளை அல்ல. தொட்டால் முகமெல்லாம் மஞ்சள் தட்டும். தலைமுடியின் மினுமினுப்பு இல்லாத நிழல் பகுதியை எடுங்கள்.

தோலுக்கு ஒரு அளவுகோல் வேண்டும் என்றால், இன்ஃபோ பேனலைச் சிஎம்ஒய்கேயில் (அச்சு மைகளின் அளவில்) வைத்துக் கன்னத்தைப் பாருங்கள். நம் ஊர் மாநிறத்துக்கு மஞ்சள் எண் மஜெந்தாவைவிட 5 முதல் 15 வரை கூடுதலாகவும், சியான் மஜெந்தாவில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரையிலும் இருந்தால் இயல்பாக இருக்கும். மஜெந்தா முந்தினால் வெயிலில் வெந்த முகம், சியான் முந்தினால் காய்ச்சல்காரர் முகம்.

சிவப்புச் சேனலில் சியான் அறவே போய்விட்டிருந்தால், இழுக்க இழுக்க மணல் போல் நாய்ஸ் மட்டும் வரும். அப்போது பச்சைச் சேனலைக் காப்பி செய்து மேலே வைத்து, மோடை லூமினாசிட்டி ஆக்குங்கள். முகத்தின் செதுக்கல் அதிலிருந்து வரும். நிறத்தைத் தனி லேயரில் கலர் மோடில் தீட்டிக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் மென்பொருளிடம் கேட்காதீர்கள்: பட்டுச்சேலையின் நிறம். சியான் போன படத்தில் அரக்கும் கத்தரிப்பூ நிறமும் ஒன்றுபோலத்தான் நிற்கும். அந்தச் சேலை பீரோவில் இன்னும் மடித்து வைத்திருந்தால் அதை எடுத்துப் பக்கத்தில் விரித்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

கேள்வி: கல்யாணப் படங்களில் பல்லில் பழுப்புக் கறை தெரிகிறது. எங்கள் பக்கம் நிறையப் பேருக்கு அப்படித்தான். சிலர் எடுக்கச் சொல்கிறார்கள். எடுத்துக் கொடுத்தால் 'இது நான் இல்லையே' என்கிறார்கள். எது வரை போகலாம்? (ஸ்டூடியோ வைத்திருப்பவர், பென்னாகரம்)

பதில்: இந்த இரண்டு மாவட்டத்து ஸ்டூடியோக்காரர்கள் தெரிந்தே ஆக வேண்டிய வேலை இது. நிலத்தடி நீரில் புளூரைடு அதிகம். சின்ன வயதில், பல் உருவாகும் காலத்தில் குடித்த தண்ணீர் பல்லில் எழுதிவிட்டுப் போனது அந்தக் கறை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், புளூரைடால் வரும் இந்த புளூரோசிஸ் பாதிப்பைக் குறைப்பதையும் சேர்த்தே நோக்கமாகக் கொண்டது. அதனால், கேட்காமல் நீங்களாக எடுக்க வேண்டாம். பெண்ணிடமோ மாப்பிள்ளையிடமோ தனியாகக் கேளுங்கள், கூட வந்த பெரியப்பாவிடம் அல்ல.

எடுக்கச் சொன்னால், பல்லை வெள்ளையடிக்காதீர்கள். 'அது நான் இல்லை' என்பது கறை போனதால் வந்த பேச்சு அல்ல, பல்லுக்குப் பல் இருந்த நிழலும் இடுக்கும் போனதால் வந்த பேச்சு. ஹியூ சாச்சுரேஷன் லேயர் ஒன்று போட்டு, பல்லுக்கு மட்டும் மாஸ்க் செய்து, யெல்லோஸ் பகுதியில் சாச்சுரேஷனை 30 முதல் 40 வரை குறையுங்கள், லைட்னஸை 5 முதல் 10 வரை ஏற்றுங்கள். பழுப்புப் பள்ளங்களைத் தனி லேயரில் ஹீலிங் பிரஷ்ஷால், அதே பல்லின் நல்ல பகுதியிலிருந்து எடுத்து மூடி, அந்த லேயரின் ஒப்பாசிட்டியை 60–70க்கு இறக்குங்கள். கடைவாய்ப் பக்கம் போகப் போக பல் நிழலில் இருக்கும், அங்கே மாஸ்க்கை மங்கலாக்கிவிடுங்கள். முடிந்ததும் ஒரு சோதனை: பல் கண்ணின் வெள்ளையைவிடப் பளிச்சென்று தெரியக்கூடாது. தெரிந்தால் பாதிக்குப் பாதி குறையுங்கள்.

'கலரைக் கொஞ்சம் தூக்குங்க' என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். முகத்தின் வெளிச்சத்தைக் கால் ஸ்டாப், அரை ஸ்டாப் ஏற்றலாம். அதற்கு மேல் போனால் கழுத்தும் கையும் காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி: ஃப்ரீக்வென்சி செபரேஷன் செய்தால் முகம் மெழுகு பொம்மையாகிறது. என்ன தப்பு? (வாசகர், கிருஷ்ணகிரி)

பதில்: தோலின் நுணுக்கத்தை ஒரு லேயரிலும் நிறத்தையும் நிழலையும் இன்னொன்றிலும் பிரித்து வேலை செய்வதுதான் ஃப்ரீக்வென்சி செபரேஷன். பெரும்பாலும் பிளர் அளவில் தப்பு. லேயரை இரண்டு காப்பி எடுங்கள். கீழ்க் காப்பிக்குக் காசியன் பிளர் (படத்தை மங்கலாக்கும் ஃபில்டர்). 24 மெகாபிக்சல் மார்பளவுப் படத்துக்கு 6 முதல் 10 பிக்சல், தோல் துளைகள் மறைந்து மூக்கின் வடிவம் மட்டும் நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். மேல் காப்பியில் அப்ளை இமேஜ், லேயராகக் கீழ்க் காப்பியைத் தேர்ந்தெடுத்து: 8 பிட் படம் என்றால் சப்ட்ராக்ட், ஸ்கேல் 2, ஆஃப்செட் 128. 16 பிட் என்றால் ஆட், இன்வர்ட் டிக், ஸ்கேல் 2, ஆஃப்செட் 0. பிறகு மேல் லேயரின் மோடு லீனியர் லைட். இந்த இடத்தில் படம் முதலில் இருந்தது போலவே தெரிய வேண்டும். நிறம் மாறித் தெரிந்தால் 8, 16 பிட் எண்களைக் குழப்பிவிட்டீர்கள்.

பரு, கீறல் எல்லாம் மேல் லேயரில் குளோன் ஸ்டாம்ப்பால், சாம்பிள் 'கரண்ட் லேயர்' வைத்து. கீழ் லேயரில் லாசோவால் சின்னச் சின்னத் திட்டாகத் தேர்ந்தெடுத்து, ஓரத்தை 15–20 பிக்சல் ஃபெதர் செய்து, காசியன் பிளர். முகம் முழுவதையும் ஒரே தேர்வில் பிளர் செய்வதால்தான் பெங்களூரா மாம்பழத் தோல் மாதிரி வழவழப்பு வருகிறது. கன்ன எலும்பும் தாடையும் காணாமல் போய்விடும்.

முடிந்தால் இதைவிட டாட்ஜ் அண்ட் பர்ன், அதாவது இடம் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக வெளுப்பதும் கறுப்பதும் பழகுங்கள். 50% சாம்பல் நிரப்பிய லேயர், சாஃப்ட் லைட் மோடு, பிரஷ்ஷின் ஃபுளோ 2–3%. நேரம் பிடிக்கும், ஆனால் தோல் தோலாக இருக்கும். கிம்ப் வைத்திருப்பவர்களுக்கு, இப்படி லேயர் லேயராகத் தானே பிரித்துத் தரும் வேவ்லெட் டீகம்போஸ் 2.10 பதிப்பிலிருந்தே உள்ளேயே இருக்கிறது, மேலே சொன்ன கணக்கெல்லாம் வேண்டாம்.

கேள்வி: ஏஐ ஆப்பில் பாட்டியின் படத்தைப் போட்டேன். பளிச்சென்று வந்தது. ஆனால் பாட்டியைக் காணோம்! மூக்குத்தி ஒரு பொட்டாகிவிட்டது, நெற்றியில் குத்தியிருந்த பச்சை போய்விட்டது. (வாசகி, தேன்கனிக்கோட்டை)

பதில்: சரியாகப் பார்த்திருக்கிறீர்கள். 2021ல் வந்த ஜிஎஃப்பிகான், 2022ல் வந்த கோட்ஃபார்மர் போன்ற ஏஐ மென்பொருள்கள் மங்கிய முகத்தைத் துடைத்துக் காட்டுவதில்லை. பயிற்சியில் பார்த்த பல்லாயிரம் முகங்களை வைத்து, இந்த மங்கலுக்குப் பொருந்தும் ஒரு முகத்தை வரைகின்றன. அந்த முகங்களில் பச்சை குத்திய நெற்றி அரிது, அதனால் பச்சை கறையாகிறது. பெரிய மூக்குத்தி கீறலாகிறது. பாம்படம் போட்டுத் தொங்கிய காது மடல் ஒட்டிய காதாகிறது. வாய் மூடியிருந்தாலும் சில நேரம் பல்வரிசை முளைக்கும்.

முழுக்கத் தூக்கிப் போடவும் வேண்டாம். உங்கள் ஸ்கேனை முதலில் கையால் சுத்தம் செய்யுங்கள். ஏஐ கொடுத்ததை அதன் மேல் லேயராக, அளவு ஒத்துப்போக வையுங்கள். ஒப்பாசிட்டி 30 முதல் 40. கண், வாய், மூக்குத்தி, நெற்றி, காது எல்லாவற்றையும் மாஸ்க்கால் விலக்கி, கன்னம், கழுத்து, தலைமுடியில் மட்டும் விட்டுவையுங்கள். கோட்ஃபார்மரில் ஃபிடெலிட்டி அளவை 1க்குப் பக்கத்தில் வைத்தால் மூலத்தை அதிகம் மதிக்கும், 0 பக்கம் போகப் போகத் தன் கற்பனைக்குப் போகும். பிறகு லேயரின் கண் அடையாளத்தை விடாமல் தட்டி, அணைத்து, எரியவிட்டுப் பாருங்கள். முகம் துடித்தால், அதாவது கண்ணோ உதடோ இடம் நகர்ந்தால், அங்கே இன்னும் அழிக்க வேண்டும். கடைசியில் பாட்டியை நேரில் பார்த்த ஒருவரிடம், எது பழையது எது புதியது என்று சொல்லாமல் காட்டுங்கள்.

கேள்வி: சாவு வீட்டிலிருந்து வருகிறார்கள். ரேஷன் கார்டு படத்தைக் கொடுத்து, இரண்டு மணி நேரத்தில் 6 × 4 அடி கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் கேட்கிறார்கள். (டிசைனர், காவேரிப்பட்டணம்)

பதில்: முதல் பத்து நிமிடத்தைப் படம் தேடச் செலவிடுங்கள், வேலை நேரம் தானாக மிஞ்சும். பேரன் பேத்திகளின் போனில் வாட்ஸ்அப் வழி வராத மூலப் படம் இருக்கும். காதுகுத்து, கிரகப்பிரவேசம், மொட்டையடித்த நாள் எடுத்த குரூப் போட்டோ கேளுங்கள். 4000 × 3000 பிக்சல் குரூப் படத்தில் ஒரு முகம் 250–300 பிக்சல் உயரம் வரும், கார்டில் அச்சான படத்தைவிட அது எவ்வளவோ மேல்.

கணக்கு இதுதான்: முகம் 2 அடி உயரம் என்றால் 24 இன்ச். பத்தடி தள்ளிப் பார்க்கும் ஃபிளெக்ஸுக்கு 40 டிபிஐ தாராளம். 960 பிக்சல் போதும். 300 பிக்சல் முகத்தை மூன்று மடங்கு பெரிதாக்குவது நடக்கிற காரியம்.

கார்டு அல்லது பத்திரிகை அச்சு ஒன்றுதான் இருக்கிறது என்றால், அதில் முகம் சல்லடைப் புள்ளியாக இருக்கும். 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்து, புள்ளி கரையும் வரை காசியன் பிளர், பிறகு அளவைப் பாதியாகக் குறைத்து, லேசாக ஷார்ப்பன். புள்ளியோடு நேரே பெரிதாக்கினால் முகமெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி வரும். தரம் குறைந்த படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் போடுங்கள். நிறக் குழப்பம் தெரியாது, அந்த நிகழ்வுக்கும் பொருந்தும்.

கண் மூடிய நிலையில் இருக்கும் படத்தைக் கொடுத்துக் 'கண்ணைத் திறந்து விடுங்க' என்பார்கள். வேறொரு படத்திலிருந்து, அவர் கண்ணையே, அதே கோணத்தில் எடுத்தால் மட்டும் செய்யுங்கள். அடுத்தவர் கண்ணை வைத்தால் வீட்டார் பந்தலடியில் நின்று பார்த்த உடனேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கேள்வி: தாத்தா, பாட்டி இருவரும் சேர்ந்து எடுத்த படம் இல்லை. தனித்தனிப் படங்களை ஜோடியாக்கும்போது ஒட்டு வேலை என்று தெரிந்துவிடுகிறது. (வாசகர், காரிமங்கலம்)

பதில்: மூன்று இடத்தில் தெரியும். முதலில் அளவு. தலை உயரத்தை வைத்து ஒப்பிடாதீர்கள், கொண்டையும் தலைப்பாகையும் ஏமாற்றும். இரண்டு கருவிழிக்கு நடுவில் உள்ள தூரத்தை அளவுகோலாக எடுங்கள். பெரியவர்களுக்கு அது சராசரியாக 63 எம்எம் பக்கம், பெண்களுக்குச் சற்றுக் குறைவு. அடுத்தது கிரெயின், அதாவது படத்தின் மணல் போன்ற பொடிப்புள்ளி. ஒரு படம் மணல், ஒரு படம் கண்ணாடி என்று இருந்தால் எத்தனை மாஸ்க் போட்டாலும் சேராது. இரண்டையும் சேர்த்த பிறகு, வழவழப்பான படத்துக்கு மட்டும் ஆட் நாய்ஸ் 3–5%, காசியன், மோனோக்ரோம்.

மூன்றாவது வெளிச்சத் திசை, அதில்தான் பெரிய தப்பு நடக்கிறது. மூக்கின் நிழல் எந்தப் பக்கம் என்று பாருங்கள். இருவருக்கும் எதிரெதிர் என்றால் ஒருவரைக் கிடையாகத் திருப்பிப் போடத் தோன்றும். பாட்டியைத் திருப்பினால் மூக்குத்தி பக்கம் மாறும், சேலைத் தலைப்பு வலது தோளுக்குப் போகும். தாத்தாவைத் திருப்பினால் சட்டைப் பையும் பட்டனும் இடம் மாறும், மச்சமும் மாறும். திருப்புவதற்குப் பதில் இருவரையும் இடம் மாற்றி உட்கார வைத்துப் பாருங்கள். மூக்கு நிழல்கள் ஒன்றுக்கொன்று எதிராக வெளிப்பக்கம் பார்த்து விழுந்தால், நடுவில் ஜன்னல் இருந்தது என்று கண் ஏற்றுக்கொள்ளும்.

கேள்வி: தேன்கூடு மாதிரி சொரசொரப்பான பேப்பரில் உள்ள பழைய படம், ஸ்கேனில் முகமெல்லாம் வெள்ளைப் புள்ளி. (வாசகி, பர்கூர்)

பதில்: பேப்பரின் மேடுகளில் ஸ்கேனர் விளக்கு பட்டு மின்னுகிறது. ஒரு முறை நேராக, ஒரு முறை 180 டிகிரி திருப்பி என இரண்டு ஸ்கேன் எடுங்கள். இரண்டாவதைத் திரும்ப நேராக்கி, ஆட்டோ அலைன் லேயர்ஸ் கொடுத்து, மேல் லேயரை டார்க்கன் மோடில் வையுங்கள். மின்னல் இரண்டிலும் வேறு வேறு இடத்தில் விழுந்திருக்கும், பெரும்பகுதி அடங்கிவிடும்.

கேள்வி: பாஸ்போர்ட், விசா படத்தில் பருவை எடுக்கலாமா? (வாசகர், தர்மபுரி)

பதில்: கூடாது. அமெரிக்க விசாவுக்கு, டிஜிட்டலாக மாற்றிய படத்தை ஏற்பதில்லை என்று விதியே இருக்கிறது. லைட்டைச் சரியாக வைத்து எடுங்கள், போதும்.

கேள்வி: மூடிப்போன ஸ்டூடியோ ஒன்றிலிருந்து ஒரு பெட்டி நெகட்டிவ் கிடைத்தது. பெரிய சைஸ் ஃபிலிம். முகத்தின் மேல் பென்சில் கிறுக்கல் மாதிரி பளபளக்கிறது. துடைத்துவிட்டு ஸ்கேன் செய்யவா? (வாசகர், போச்சம்பள்ளி)

பதில்: அந்தக் கிறுக்கல்தான் அந்தக் காலத்து டச்சிங். எமல்ஷன் (படம் பதிந்த பூச்சு) உள்ள பக்கம் மீடியம் என்ற வார்னிஷைத் தடவி, ஊசி போலச் சீவிய கடின பென்சிலால், கண்ணுக்குக் கீழே உள்ள கோடுகளிலும் அம்மைத் தழும்பிலும் நுண்ணிய புள்ளியாக வைப்பார்கள். நெகட்டிவில் கறுப்பு கூடினால் பிரிண்ட்டில் அந்த இடம் வெளுக்கும், சுருக்கம் மறையும். மாறாக, மினுக்கத்தைக் குறைக்க எமல்ஷனைக் கத்தி நுனியால் சுரண்டுவார்கள். சுருக்கத்தை எடுக்கச் சொல்வது போட்டோஷாப்போடு வந்த ஆசை இல்லை பாருங்கள்!

ஆகவே துடைக்காதீர்கள். பருத்திக் கையுறை போட்டு ஓரத்தில் பிடித்து, ப்ளோயரால் தூசியை மட்டும் விரட்டி, பின்வெளிச்சம் உள்ள ஸ்கேனரில் 16 பிட்டில் எடுங்கள். ஸ்கேனரில் டிஜிட்டல் ஐஸ் என்ற வசதி இருந்தால் ஆஃப் செய்துவிடுங்கள். அது இன்ஃப்ராரெட்டை வைத்துத் தூசியைக் கண்டுபிடிப்பது, கலர் நெகட்டிவுக்கு நன்றாக உழைக்கும். கறுப்பு வெள்ளையில் வெள்ளியே இன்ஃப்ராரெட்டை மறைப்பதால் முகத்தையே தூசி என்று நினைத்துச் சிதைத்துவிடும். பெட்டியைத் திறந்ததும் காடி வாடை அடித்தால் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது. வாடை அடிப்பவற்றைப் பிரித்துத் தனியாக, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், ஸ்கேனிங்கில் அவற்றுக்கு முதல் வரிசை.

கேள்வி: சரிசெய்தாகிவிட்டது. பழைய படத்தை லேமினேஷன் போட்டுவிடலாமா? (வாசகர், மாரண்டஅள்ளி)

பதில்: புதுப் பிரிண்ட்டுக்குப் போடுங்கள். பழைய படத்துக்கு வேண்டாம், சூட்டில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக்கை எமல்ஷன் உரியாமல் திரும்ப எடுக்க முடியாது. பசை தடவிய பக்கம் கொண்ட ஆல்பமும் வேண்டாம். அமிலம் இல்லாத தாளில் மடித்து, வெளிச்சுவரைத் தொடாத அலமாரியில், ராமபாணப் பூச்சி ஏறாத மூடி டப்பாவில் வையுங்கள். டப்பாவின் மேல் யார் படம், எந்த வருடம், எந்த ஊர் என்று எழுதி ஒட்டுங்கள். படத்தின் பின்பக்கம் எழுதியே ஆக வேண்டும் என்றால் மென்மையான பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல். பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதிய பெயர் முன்பக்கம் கன்னத்தில் மேடாக எழும்பும், அடுத்த ஸ்கேனில் அதையும் நீங்கள்தான் எடுக்க வேண்டியிருக்கும்.